குருத்தின் மேல் வீண் பழி

பூண்டு உரிக்கும்போது பல்லின் நடுவே பச்சைக் குருத்து தெரிந்தால் சிலர் அதைக் கிள்ளி எறிகிறார்கள். சிலர் பல்லையே ஒதுக்குகிறார்கள். முளைவிட்டது செரிக்காது, வயிறு உப்பும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டானாலும், மதுரைக் கீழமாசி வீதிக் கடையில் வாங்கிய சாதாரணப் பூண்டானாலும் இதே கதிதான். உண்மையில் வயிற்றை உப்ப வைப்பது ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி. பூண்டு தன் வளர்ச்சிக்கெனச் சேமித்து வைக்கும் இருப்பு அது. அதை உடைக்கும் நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்யும்போது வாயு பிறக்கிறது. எரிச்சல் குடல் நோயாளிகளுக்காக ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த உணவுமுறையில், முளைத்தது முளைக்காதது என்ற பேதமின்றிப் பூண்டு விலக்கப்படுவது இதனால்தான். முளைக்கும்போது குருத்துக்கு இரை வேண்டுமே! பூண்டே அந்தச் சங்கிலியை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது. அப்படியானால் குருத்து வளர வளரப் பல்லிலுள்ள ஃப்ரக்டான் குறைய வேண்டுமே தவிர, கூட வழியில்லை.

முளைத்த உருளைக்கிழங்கு நஞ்சாயிற்றே என்று கேட்கலாம். கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த உருளையில் சோலனின் சுரக்கிறது. வெங்காயத்தின் உறவான பூண்டில் அது கிடையாது. 2014-இல் வெளியான கொரிய ஆய்வொன்று, 5 நாள் முளைவிட்ட பூண்டில் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் கூடியிருந்ததைக் காட்டியது. குருத்து சற்றுக் கசக்கும் என்பது மெய்தான். ஆனால் கசப்பு நாக்கின் வழக்கு, செரிமானத்தின் வழக்கல்ல. சாப்பிட்டவுடன் உப்புகிறதே என்பவர்கள், எத்தனை பல், பச்சையாகவா வேகவைத்தா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். பச்சைப் பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின் இரைப்பையை உறுத்தக்கூடியது. முழுப் பல்லாக வேகவைத்தால் அதை உண்டாக்கும் நொதி செயலிழந்துவிடும். ஃப்ரக்டானோ வெந்தாலும் போகாது. நீரில் கரைந்து குழம்பில் இறங்கிவிடும். அதனால் பூண்டுக் குழம்பில் பல்லை ஒதுக்கிவைத்துச் சாப்பிட்டும் பயனில்லை. எண்ணெயில் அது கரையாது. வாசம் மட்டும் போதும் என்பவர்கள் நல்லெண்ணெயில் பல்லை வதக்கி, எடுத்துவிட்டுத் தாளிக்கலாம்.

குருத்தே வேண்டாமென்றால் பூண்டை ஃப்ரிட்ஜில் வைக்காமலிருப்பதே வழி. குளிர்தான் அதன் உறக்கத்தைக் கலைத்து முளைக்கவைக்கிறது; மதுரை வெக்கையில் காற்றோட்டமாகத் தொங்கும் பூண்டு அவ்வளவு சீக்கிரம் முளைப்பதில்லை. முளைத்துவிட்டாலும், பல் கெட்டியாக இருந்தால் தயங்காமல் சமைக்கலாம். பூஞ்சை பிடித்ததையும் கொழகொழத்ததையும் மட்டும் குப்பையில் போடுங்கள்.