புது ரீச்சரின் மூன்றாம் வருடம்

தேசிய கல்வியியற் கல்லூரிப் படிப்பு மூன்று வருடம். ஆனால் விடுதியில் தங்கி விரிவுரைகளுக்குப் போவது முதல் இரண்டு வருடம்தான். மூன்றாம் வருடம் முழுவதும் ஆசிரிய மாணவர் ஒரு பாடசாலையில் இருக்க வேண்டும். கட்டுறு பயில்வு என்று சொல்லப்படும் அந்த வருடத்தில் அவருக்கு வகுப்பு உண்டு, நேரசூசி உண்டு, பாடக்குறிப்புக் கொப்பி உண்டு. நிரந்தர நியமனம் மட்டும் இன்னும் இல்லை. ஊருக்கு அவர் ‘புது ரீச்சர்’ அல்லது ‘புது சேர்’. பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு தெரியாது, தெரியவும் தேவையில்லை. பெற்றோருக்குத் தெரிந்திருப்பது நல்லது. உயர்தரம் எழுதிவிட்டு இசட் புள்ளிக்காகக் காத்திருப்பவர்களுக்கு அது இன்னும் நல்லது.

இலுப்பைக்கடவையை எடுத்துக்கொள்வோம். மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியில், விடத்தல்தீவுக்கும் வெள்ளாங்குளத்துக்கும் இடையில், மாந்தை மேற்குப் பிரதேச செயலாளர் பிரிவில் உள்ள ஊர். மேற்கே கடல், கிழக்கே வயலும் குளமும் காடும். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து இந்த வீதியால் மன்னாருக்குப் போய்வருவது இலகுவாகிவிட்டது. கோப்பாயில் இருக்கும் யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்தவரோ பூந்தோட்டத்தில் இருக்கும் வவுனியாக் கல்லூரியில் படித்தவரோ இப்படியொரு ஊரில் ஒரு காலையில் பஸ்ஸை விட்டு இறங்கலாம். அன்று அவரிடம் என்ன இருக்கும்? வருடம் முடியும்போது என்ன சேர்ந்திருக்க வேண்டும்?

இருப்பது நிறைய. 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வளர்ந்த இந்தக் கல்லூரிகளுக்கு முன்பு, ஏற்கெனவே வேலையில் சேர்ந்துவிட்டவரையே பெரும்பாலும் ஆசிரிய கலாசாலைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதலில் வகுப்பு, பிறகு பயிற்சி. கல்வியியற் கல்லூரி அதைத் தலைகீழாக்கியது. இன்றைய பயிலுநர் கல்வி உளவியல் படித்திருப்பார், மகரகம தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியைப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருப்பார். அமெரிக்காவில் ரொஜர் பைபியும் கூட்டாளிகளும் 1980களில் வகுத்த ஐந்து கட்டப் பாட முறையும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற அந்த வரிசை 2007 பாடத்திட்டச் சீர்திருத்தத்தோடு இலங்கைக்கு வந்தது. சாமத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

நுண்கற்பித்தலும் செய்திருப்பார். 1960களில் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பயிற்சி இது. ஒரேயொரு திறனை எடுத்துக்கொண்டு, சில நிமிடம் மட்டும், சிறு குழுவுக்குக் கற்பித்துக் காட்டி, உடனே குறைநிறை கேட்பது. கல்லூரிகளில் அந்தக் குழு பெரும்பாலும் சக மாணவர்கள்தான். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இருபது வயதுக்காரர் ஒருவர் ஏழு வயதுப் பிள்ளையாக நடிக்கலாம். ஆனால் எது விளங்காமல் போகும் என்பது அவருக்கே தெரியாது. குறும்பு செய்து காட்டுவார், சிரிப்பார்கள். கணக்கை உண்மையாகவே பிழையாக விளங்கிக்கொள்ள அவரால் முடியாது. அதற்குப் பிள்ளைதான் வேண்டும். மூன்றாம் வருடத்தின் முழு நியாயமும் இந்த ஒரு விடயத்தில் அடங்கியிருக்கிறது என்றே நான் சொல்வேன்.

பாடம் முடிந்த பிறகு பயிலுநர் எழுத வேண்டியது மீள்நோக்குக் குறிப்பு. அமெரிக்கரான டொனால்ட் ஷோன் 1983 இல் எழுதிய நூல் ஒன்றிலிருந்து உலகமெங்கும் ஆசிரியப் பயிற்சியில் இந்தப் பழக்கம் வேரூன்றியது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே யோசித்து வழியை மாற்றுவது ஒன்று, முடிந்த பின் உட்கார்ந்து திரும்பிப் பார்ப்பது மற்றது என்று அவர் பிரித்தார். எழுதக்கூடியது இரண்டாவது. நடைமுறையில் அந்தக் குறிப்பு எப்படி இருக்கிறது என்றால், “பாடம் சிறப்பாக நடைபெற்றது. மாணவர்கள் ஆர்வத்துடன் பங்குபற்றினர். சிலருக்கு விளங்கவில்லை. அடுத்த முறை கவனம் செலுத்துவேன்.” எந்த ஊருக்கும், எந்தப் பாடத்துக்கும், எந்த நாளுக்கும் இது பொருந்தும். மேற்பார்வைக்கு வருபவர் சிவப்புப் பேனாவால் ஒப்பமிடுவார், கொப்பி மூடப்படும்.

பிள்ளை எழுதியது ஒரு வரியாவது உள்ளே வந்தால்தான் அது குறிப்பு. ஓர் ஆரம்பப் பிரிவுக் கணித வகுப்பைக் கற்பனை செய்வோம். வெண்பலகையில் 52 இலிருந்து 27 ஐக் கழிக்கும் கணக்கு. விடை 25. கொப்பிகளைப் பார்த்தால் சில பிள்ளைகள் 35 என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை 30. இன்னொன்று 79. அவசரத்தில் மூன்றுக்கும் ஒரே சிவப்புக் கீறல்தான் கிடைக்கும். ‘கவனயீனம்’ என்று ஒரு சொல்லும் கிடைக்கலாம்.

ஆனால் இவை மூன்றும் ஒரே பிழையல்ல. 79 எழுதிய பிள்ளை கூட்டிவிட்டது, குறியைப் பார்க்கவில்லை. 35 எழுதிய பிள்ளை ஒவ்வொரு நிரலையும் தனித்தனிக் கணக்காக எடுத்து, பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது. ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. ‘சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்கேலாது’ என்று முந்திய வகுப்பில் யாரோ சொன்னதை அது விசுவாசமாகக் காப்பாற்றுகிறது. 30 எழுதிய பிள்ளைதான் சுவாரசியமானது. இரண்டிலிருந்து ஏழு போகாது என்று அதற்குத் தெரியும். போகாவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை என்று நினைத்துப் பூச்சியம் போட்டிருக்கிறது. மூவரிலும் சரியான இடத்துக்குக் கிட்ட நிற்பது இந்தப் பிள்ளை என்று கூடச் சொல்லலாம்.

இது என் ஊகமல்ல. 1978 இல் ஜோன் சீலி பிரவுன், ரிச்சட் பேட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பிள்ளைகளின் கழித்தல் விடைகளைத் திரட்டி ஆராய்ந்து, பிழைகளில் பல தற்செயலானவை அல்ல என்று காட்டினார்கள். பிள்ளை ஒரு விதியைத்தான் பின்பற்றுகிறது, அந்த விதிதான் கோணலானது. ஆகவே அடுத்த நாளுக்கான வேலையும் மூன்று விதம். கூட்டிய பிள்ளைக்குப் பாடம் திரும்ப வேண்டாம்; குறியை வட்டமிட்டுவிட்டுத் தொடங்கப் பழக்கினால் போதும். 35 எழுதியவர்களுக்கு ஈர்க்குக் கட்டு வேண்டும். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து கட்டும் தனியாக இரண்டு ஈர்க்கும் கையில் கொடுத்து, இருபத்தேழு ஈர்க்கு எடு என்று கேட்க வேண்டும். ஒரு கட்டை அவிழ்க்காமல் எடுக்க வழியில்லை என்பதைப் பிள்ளையின் விரலே கண்டுபிடிக்கும். 30 எழுதிய பிள்ளைக்கும் அதே கட்டுத்தான், ஆனால் கேள்வி வேறு: ஏழு எடுக்க இங்கே காணாது, பக்கத்தில் எங்கே இருக்கிறது?

கழித்தல் தெரிந்தவர் எல்லோருக்கும் இது தெரியாது. கணிதப் பட்டதாரிக்கும் தெரியாமல் இருக்கலாம். ஒரு பாடத்தை அறிவதற்கும் அந்தப் பாடம் பிள்ளையிடம் எங்கே சிக்கும் என்று அறிவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை லீ ஷுல்மன் 1986 இல் தனி அறிவாகவே பெயரிட்டுப் பேசினார். ஆசிரியத் தொழிலுக்கே உரிய அறிவு அது. புத்தகத்தில் பாதி, வகுப்பில் பாதி. வாண்மை விருத்தி என்று நாம் பெரிய சொல்லால் குறிப்பது, அதன் கருவில், இத்தகைய பிழைகளின் சேகரம்தான். ‘52 – 27: 35 (நால்வர்), 30 (ஒருவர்), 79 (ஒருவர்)’ என்று ஒரு வரி எழுதிய பயிலுநர், ஒரு பக்கம் உணர்ச்சியோடு எழுதியவரைவிட முன்னால் நிற்கிறார்.

தொடக்கத்தில் எல்லோரும் தங்களைப் பற்றித்தான் எழுதுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். குரல் நடுங்கியது, பிள்ளைகள் அடங்கவில்லை, அதிபர் யன்னலால் பார்த்தார். பிரான்செஸ் ஃபுல்லர் என்ற ஆய்வாளர் 1969 இலேயே இதைக் கவனித்தார்: புதிய ஆசிரியரின் கவலை முதலில் தன்னைப் பற்றியது, அனுபவம் கூடக் கூடத்தான் அது பிள்ளைகளின் கற்றல் பக்கம் நகர்கிறது. முதல் தவணைக் குறிப்புகள் ‘நான், நான்’ என்று இருந்தால் குற்றமில்லை. மூன்றாம் தவணையிலும் அப்படியே இருந்தால்தான் யாராவது கேட்க வேண்டும்.

கல்லூரியில் படித்ததைவிட ஆழமாக ஊறிய பயிற்சி ஒன்றும் பயிலுநருக்கு இருக்கிறது. முதலாம் தரத்திலிருந்து பதின்மூன்றாம் தரம் வரை அவர் பிள்ளையாக இருந்து ஆசிரியர்களைப் பார்த்த காலம் அது. டான் லோர்ட்டி என்ற சமூகவியலாளர் 1975 இல் இதை, பார்த்தே பழகும் தொழிற்பயிற்சி என்றார். நெருக்கடி வந்தால் கல்லூரிக் குறிப்பு மறந்துபோகும், நமக்குப் படிப்பித்தவரின் குரல்தான் வாயில் வரும்.

மன்னார்ப் பெருநிலப்பரப்பில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2008 நடுப்பகுதியில் போர் இந்தக் கரையோரத்தைக் கடந்தபோது ஊர்கள் இடம்பெயர்ந்தன. கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று நகர்ந்து, 2009 இல் பலர் செட்டிகுளம் முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் பயிலுநர் ஒருவர் இந்தப் பகுதியைச் சேர்ந்தவரானால், அவரது முதலாம் தரம் தறப்பாள் கொட்டிலில் நடந்திருக்கக்கூடும். ஆரம்பப் பிரிவில் விளையாட்டும் செயற்பாடும் எழுத்துவேலையும் கலந்து இருக்க வேண்டும் என்று அவர் வாசித்திருப்பார்; தன் கண்ணால் அப்படியொரு வகுப்பைப் பார்த்திருப்பாரா என்பது வேறு கேள்வி. தான் பெறாத ஒன்றை அவர் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மீள்நோக்கில் ‘இப்படி ஏன் செய்தேன், யாரிடம் பார்த்தேன்’ என்று ஒரு வரி எழுதினால், பழக்கத்தால் செய்ததும் தெரிந்து செய்ததும் பிரிந்து தெரியும்.

இனி, பாடசாலைப் பக்கம். பயிலுநருக்கு அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக இருக்க வேண்டும், கல்லூரி விரிவுரையாளர் இடையிடையே மேற்பார்வைக்கு வருவார். ஆசிரியர் பற்றாக்குறையுள்ள கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளில் ஒரு சபலம் எப்போதும் இருக்கிறது: ஆளில்லாத வகுப்புக்கெல்லாம் பயிலுநரை அனுப்புவது. அதிபரின் இக்கட்டு விளங்குகிறது. ஆனால் ஒரு நாளில் ஐந்து வகுப்பைச் ‘சமாளித்தவர்’ எதையும் கவனித்திருக்க மாட்டார். கொப்பிகளைத் திருத்தி யோசிக்கத் தினமும் ஒரு பாடவேளையை அவருக்கு விட்டுவைப்பது சலுகை அல்ல, பயிற்சியின் பாகம்.

மேற்பார்வை நாளிலும் கவனிப்புக்கு இடம் குறைவு. அன்று வர்ணக் கடதாசி, படங்கள், பாட்டு, முன்னமே பழக்கிய பதில்கள் எல்லாம் தயாராக இருக்கும். விரிவுரையாளருக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். அதைவிடப் பயனுள்ள ஒரு சின்னப் பரிசோதனை உண்டு, செலவே இல்லை. 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒன்றைக் கண்டார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான் காத்திருக்கிறார். பிறகு தானே பதில் சொல்கிறார் அல்லது அடுத்தவரைக் கேட்கிறார். மூன்று செக்கனாவது காத்திருந்தால் பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் வாய் திறக்கிறார்கள். பயிலுநர் தன் கைபேசியில் ஒரு பாடவேளையைப் பதிந்து தானே கேட்டுப் பார்க்கலாம். பின்வாங்கில் இருக்கும் பிள்ளையின் மௌனத்துக்கு யார் பொறுப்பு என்று ஒலிப்பதிவே சொல்லிவிடும்.

வரவும் ஒரு பாடம். காலபோக அறுவடை நாட்களிலும், தொழிலுக்காகக் குடும்பம் வேறு கரையில் வாடி போடும் நாட்களிலும் சில பிள்ளைகள் வரமாட்டார்கள். வந்தபோது வகுப்பு இரண்டு அலகு தாண்டியிருக்கும். ஆசிரியர் வழிகாட்டி எல்லாப் பிள்ளைகளும் எல்லா நாளும் இருப்பதாக நினைத்தே எழுதப்பட்டிருக்கிறது. திரும்பி வந்த பிள்ளைக்கு எந்தத் தேர்ச்சியைக் கட்டாயம் கொடுக்க வேண்டும், எதை விடலாம் என்று தெரிவுசெய்வது மூன்றாம் வருடத்தில்தான் பழகும்.

இப்படிச் சேரும் குறிப்புகளிலிருந்துதான் செயல்நிலை ஆய்வு வர வேண்டும். பயிலுநர் தன் வகுப்பில் உள்ள ஒரு சிக்கலை எடுத்து, நிலையை அளந்து, ஒரு மாற்றம் செய்து, மீண்டும் அளந்து எழுதும் ஆய்வு அது. ஆசிரியரே தன் வகுப்பின் ஆய்வாளர் என்று இங்கிலாந்தின் லோரன்ஸ் ஸ்ரென்ஹவுஸ் 1975 இல் வாதிட்ட கருத்தின் பிள்ளைதான் இதுவும். தலைப்பை முந்திய அணி மாணவரிடம் வாங்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ‘வாசிப்புத் திறனை மேம்படுத்தல்’ என்ற தலைப்பு எத்தனை கைமாறியிருக்கும் என்று தெரியவில்லை! கழித்தலில் 35 எழுதிய நான்கு பிள்ளைகள் போதும் ஓர் ஆய்வுக்கு.

டிப்ளோமா கிடைத்து, நியமனம் கிடைத்து, 1994 இல் உருவான இலங்கை ஆசிரியர் சேவைக்குள் நுழைந்த பிறகு படிகள் பல உண்டு: கல்விமாணிப் பட்டம், ஆசிரிய ஆலோசகர்களின் செயலமர்வுகள், பாடசாலை மட்ட வாண்மை விருத்திக் கூட்டங்கள், தரம் உயர்வதற்கான தகைமைகள். 2004 இல் தொடங்கிய ‘அகவிழி’ இதழ் தமிழ் ஆசிரியர்களுக்காகவே வந்தது. அதன் பழைய இதழ்களை நூலகம் இணைய நூலகத்தில் இலவசமாக வாசிக்கலாம். அந்தப் படிகளில் சான்றிதழ்களும் சம்பள உயர்வும் கிடைக்கும்.

நடைமுறைக்கு ஒரு யோசனை. செயல்நிலை ஆய்வு அறிக்கை புத்தகமாகக் கட்டப்பட்டுக் கல்லூரிக்குப் போகிறது. பயிலுநர் பஸ் ஏறும் முன் அதிலிருந்து இரண்டு பக்கத்தை, நன்றியுரை, முன்னுரை எல்லாம் விட்டு, பாடசாலையில் வைத்துவிட்டுப் போகலாம்: எந்தக் கணக்கில் எந்தப் பிழைகள் வந்தன, எது பலித்தது, எது பலிக்கவில்லை, எந்தெந்த வாரங்களில் வரவு குறைந்தது. அடுத்த வருடம் இன்னொரு புது ரீச்சர் வருவார். அவருக்கு முதல் வாரத்தில் வேண்டியது அந்த இரண்டு பக்கம்.