செல்ஃப் அடிக்கலையா? பேட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

காரைக்கால்மேட்டுல எங்க தாத்தா வீட்டு வாசல்ல ஒரு பெட்ரோல் அம்பாசடர் நிக்குது. 2014-லயே உற்பத்தி நின்னுபோன வண்டி. போன லீவுல சாவியைத் திருப்பினா "டொக்"னு ஒரு சத்தம், அவ்வளவுதான். "பேட்டரி போச்சு"ன்னு யாரோ சொல்ல, தாத்தா புதுசு வாங்கிப் போட்டார். மறுபடியும் அதே "டொக்". சில ஆயிரம் ரூபாய் வீண்.

பழைய வண்டி கிளம்பலைன்னா மூணே கேள்விதான், இந்த வரிசையில: செல்ஃப் சுத்துதா? பிளக்ல கரண்ட் வருதா? பெட்ரோல் வருதா? முதல் கேள்விக்கே "இல்லை"ன்னா, மத்த ரெண்டையும் அப்புறம் பார்க்கலாம்.

நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துட்டு மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில 12.6 வோல்ட். அதுல குறையில்லை. அடுத்து, மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை இன்ஜின் பிளாக்லயும் வச்சுட்டு, தாத்தாகிட்ட சாவியைத் திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள்ள காட்டணும். காட்டினது 6 வோல்ட்!

காரணம் இதுதான். இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல உட்கார்ந்திருக்கு. ரப்பர்ல கரண்ட் போகாது. அதனால இன்ஜினையும் பாடியையும் ஒரு தடிமனான எர்த் வயர் இணைக்குது. கடல் காத்துல அதோட நுனி பச்சை பூத்துக் கிடந்தது. செல்ஃப் மோட்டார் 120 ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சுக்குங்க. அந்த நுனியில 0.05 ஓம் தடை இருந்தாலே 120 × 0.05 = 6 வோல்ட் அங்கேயே காலி. மிச்சத்துல மோட்டார் எப்படிச் சுத்தும்? ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச அதே ஓம் விதி! இவ்வளவு சின்னத் தடையை சாதாரண மீட்டரோட ஓம் ரேஞ்சுல பிடிக்க முடியாது. சாவியைத் திருப்பும்போது வோல்ட் பார்த்தால்தான் மாட்டும். சோக் கேபிள் சூடானாலும் இதே சந்தேகம் வரணும்: எர்த் கிடைக்காத கரண்ட் அது வழியா ஓடுது.

செல்ஃப் நல்லா சுத்தியும் கிளம்பலைன்னா, பிளக்கைக் கழட்டி, அதோட உடம்பு இன்ஜின்ல படுற மாதிரி இன்சுலேட்டட் பிளையர்ல பிடிச்சுச் சுத்தவிடுங்க. பக்கத்துல பெட்ரோல் இருக்கவே கூடாது. நீலப் பொறி வரலைன்னா பாயிண்ட், கண்டென்சர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில ஈரம்னு வரிசையா பாருங்க. பொறி சரியா வந்தால்தான் பெட்ரோல் பம்ப், கார்பரேட்டர் பக்கம் போகணும்.

நாங்க பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, எர்த் வயர் நுனியைப் பளபளன்னு தேய்ச்சு, இறுக்கி, கிரீஸ் தடவினோம். ஒரே அடியில ஸ்டார்ட்! உப்புக்காத்து கெடுத்ததை ஒரு துண்டு உப்புத்தாள் சரி பண்ணிடுச்சு. பழைய பேட்டரியைத் தாத்தா இன்னும் தூக்கிப் போடலை. அது இப்பவும் நல்லாத்தான் இருக்கு.