அசையும் சித்திரம் பிறக்குமுன்

கார்ட்டூன் படம் என்ற சொல்லைக் கேட்டதும் பலருடைய மனக்கண் முன் ஓர் எலியும் அதைத் துரத்தும் ஒரு பூனையும் வந்து நிற்கும். குழந்தைகளுக்குரிய வேடிக்கை என்று அதை ஒதுக்கிவிடுவோரும் உண்டு. அந்த வேடிக்கையின் ஒரு நிமிடத்துக்கு எத்தனை சித்திரங்கள் வேண்டும், அவற்றுள் முதற் சித்திரத்தை வரைவதற்கு முன்னால் என்னென்ன வேலைகள் நடைபெற வேண்டும் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். இதைப் பேச எனக்குள்ள தகுதி ஒன்றுதான். மயிலாப்பூரில், கபாலீசுவரர் கோயிற் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் இருந்துகொண்டு, பிறர் பொருளுதவி ஏதுமின்றி, நான்கு நிமிடம் ஓடக்கூடிய ஒரு படத்தைத் தனியாகத் தயாரிக்க முற்பட்டிருக்கிறேன். அதன் ஆரம்ப வேலைகள் மட்டுமே இதுவரை முடிந்திருக்கின்றன. ஆகவே, வெற்றி பெற்றவன் கூறும் அறிவுரையாக இதைக் கொள்ள வேண்டாம்.

முதலில் சிறிது கணக்கு. திரையில் ஒரு வினாடிக்கு இருபத்து நான்கு படங்கள் ஓடுகின்றன. கையால் வரைவோர் ஒவ்வொரு சித்திரத்தையும் இரு முறை காட்டி, வினாடிக்குப் பன்னிரண்டு சித்திரங்களோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். கண் அதை மன்னித்துவிடுகிறது. அப்படியும் நான்கு நிமிடத்துக்கு 2,880 சித்திரங்கள் ஆகின்றன. பகலில் பிழைப்புக்காக விளம்பரப் படம் வரைந்துவிட்டு, இரவில் உட்காருபவனால் நாளொன்றுக்குப் பத்துச் சித்திரங்கள் வரைய முடிந்தால் அதுவே பெரிது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளும் தவறாமல் உழைத்தால் 288 நாட்கள். கதையில் ஒரு பிழை நேர்ந்து அரை நிமிடத்தை வெட்டி எறிய வேண்டியதாயின் முப்பத்தாறு இரவுகள் குப்பைக்குப் போகும். நடிகர்களைக் கொண்டு எடுக்கும் படத்தில் நிறையப் படம்பிடித்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். சித்திரப் படத்திலோ வெட்ட வேண்டியதை வரைவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும். ஆரம்ப வேலை என்று நான் சொல்லுவது இந்த முன்வெட்டைத்தான்.

இக்கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. தாதாசாகேப் பால்கே தமது முதற் கதைப்படத்தை எடுப்பதற்கு முன்பே, 1912-இல், தொட்டியில் ஊன்றிய பட்டாணி விதை முளைத்துச் செடியாவதைச் சிறிது சிறிதாக இடைவெளி விட்டுப் படம்பிடித்துக் காட்டினார். பணம் போடுகிறவர்களுக்கு நம்பிக்கை பிறப்பதற்காக அவர் செய்த காரியம் அது. பின்னர் 1915-இல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி ஒரு வேடிக்கைப் படமும் எடுத்தார். சென்னையிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. ஜெமினி ஸ்டூடியோவிலிருந்து 1947-இல் 'சினிமா கதம்பம்' என்னும் சிறு சித்திரப் படம் வெளிவந்தது. தாணு என்னும் ஓவியர் அதை இயக்கினார். 'மிஸ் மாலினி' படத்தோடு சேர்த்து அது காட்டப்பட்டது. ஸ்டூடியோ மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் பெயர் மட்டும் மேம்பாலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தியாகராய நகருக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் தாணுவை நினைத்துக்கொள்வேன். பிறகு 1956-இல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவு ஒன்று அமைந்தது. டிஸ்னி நிறுவனத்தில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் என்பவர் வந்து நம்மவர்க்குப் பயிற்சி கொடுத்தார். ஜாதகக் கதையொன்றைத் தழுவிய 'ஆலமரத்து மான்' என்ற படம் 1957-இல் அங்கிருந்து வந்தது.

அவையெல்லாம் நிறுவனங்களின் முயற்சிகள். ஒருவர் தனித்து நின்று செய்யலாம் என்ற துணிவை எனக்குத் தந்தவர் மும்பையைச் சேர்ந்த கீதாஞ்சலி ராவ். அவருடைய 'பிரிண்டட் ரெயின்போ' 2006-இல் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் காட்டப்பட்டுப் பரிசுகள் பெற்றது. பதினைந்து நிமிடப் படம். தனிமையில் வாழும் ஒரு முதியவள், அவளுடைய பூனை, அவள் சேர்த்து வைத்திருக்கும் தீப்பெட்டிப் படங்கள், இவ்வளவுதான் கதை. சிவகாசியில் அச்சாகி நம் அடுப்படியில் கிடந்த அந்தச் சிறிய தாள்களுக்குள் ஓர் உலகமே இருந்திருக்கிறது என்பதை அதைப் பார்த்த பின்புதான் உணர்ந்தேன். கருவைத் தேடி வெளியூர் போக வேண்டுவதில்லை என்பதும் அப்போது தெளிவாயிற்று.

என் கரு என் வீட்டு வாசலிலேயே கிடைத்தது. என் தாயார் ஏழு முதல் நான்கு வரை இடுக்குப் புள்ளி வைத்து நாள்தோறும் கோலம் போடுவார். மொத்தம் முப்பத்தேழு புள்ளிகள். இரண்டு ஆண்டுகளாக அவருக்குக் கை நடுங்குகிறது. ஒரு நாள் மாவு சிதறி, வரிசைக்கு வெளியே ஒரு புள்ளி விழுந்துவிட்டது. காலால் அழிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சற்று யோசித்து, கோட்டைக் கொஞ்சம் வெளியே இழுத்து, அந்தப் புள்ளியையும் சுற்றி வளைத்துக்கொண்டு உள்ளே திரும்பிவிட்டார். அந்தக் கோட்டைத்தான் படமாக்குகிறேன். படத்தில் முப்பத்தெட்டாவது புள்ளி தெருவில் உருண்டு ஓடுகிறது. கோடு அதைத் தேடிக்கொண்டு மாடவீதி முழுவதும் சுற்றிக் குளத்தங்கரை வரை போய்ப் புள்ளியோடு வாசலுக்குத் திரும்புகிறது.

கரு கிடைத்தவுடன் வரும் ஆபத்து, அதன்மேல் அழகான பொருள்களை ஏற்றுவது. மயிலாப்பூர் என்றால் மயிலை மறக்கலாமா? அம்பிகை மயிலுருக்கொண்டு சிவபெருமானைப் பூசித்த தலமன்றோ? கோடு குளத்தை அடைந்ததும் மயிலாக மாறித் தோகை விரிப்பதுபோல் ஒரு கட்டம் எழுதினேன். கேட்ட நண்பர்கள் எல்லாரும் அதையே புகழ்ந்தார்கள். இரண்டு மாதம் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். தோகை விரிந்தபின் யாருக்கும் அந்தக் கையின் நினைவு வராது என்பது மெதுவாகத்தான் புரிந்தது. வெள்ளைக் கோடு ஒன்றே நடிகனாக உள்ள படத்தில் மயில் வந்தால் வண்ணம் வேண்டும், வண்ணம் வந்தால் எல்லாவற்றுக்கும் வேண்டும். மயிலை நீக்கிவிட்டேன். இன்றும் அதில் எனக்கு வருத்தம் உண்டு.

அடுத்தது கதைப்பலகை. காட்சிகளைச் சிறு சிறு சித்திரங்களாகத் தாளில் எழுதி, வரிசையாகப் பலகையில் குத்தி வைத்துப் பார்ப்பது. டிஸ்னியின் கூடத்தில் 1930-களின் தொடக்கத்தில் வழக்கத்துக்கு வந்த முறை இது. தாள் ஒவ்வொன்றும் தனித்தனியே இருப்பதுதான் இதன் நன்மை. பத்தாவதை எடுத்து மூன்றாவதாகக் குத்தலாம், இடையிலுள்ளதைக் கிழித்துப் போடலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

இந்த இடத்தில் என் அறிவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். கதைப்பலகைக்குப் பொறுமையில்லாமல், கோடு தெருவில் ஓடத் தொடங்கும் காட்சியை ஓர் உற்சாகத்தில் நேரே வரைந்து தள்ளினேன். நானூறு தாள்கள், நாற்பது இரவுகள். ஓட்டிப் பார்த்தேன், முப்பத்து மூன்று வினாடிகள் வந்தன. கோடு ஓடிற்று, வளைந்தது, துள்ளிற்று. எங்கே போகிறது, ஏன் போகிறது என்பது மட்டும் தெரியவில்லை. அம்மாவுக்குக் காட்டினேன். இரண்டு முறை பார்த்துவிட்டு, "ஏண்டா, புள்ளி வைக்காமலே இழைக்க ஆரம்பிச்சுட்டியே?" என்று கேட்டார். அந்த நானூறு தாள்களில் ஒன்றுகூடப் படத்தில் இல்லை. பின்பக்கத்தில் கணக்கு எழுதுகிறோம்.

பிறகு முறையாக உட்கார்ந்து அறுபத்திரண்டு சித்திரங்களில் கதைப்பலகையை முடித்தேன். அதை அப்படியே கைபேசியில் படமெடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை வினாடி நிற்க வேண்டும் என்று அளந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டால் ஒரு கதைச் சுருள் கிடைக்கிறது. அசைவே இல்லாத படம். ஆனால் நீளம் உண்மையானது. சுவரில் அழகாகத் தெரிந்த காட்சிகள் காலத்தில் வைத்துப் பார்த்தபோது நொண்டின. கோடு மாடவீதியில் திரும்பும் இடத்துக்கு ஐந்து சித்திரங்கள் வைத்திருந்தேன். இரண்டே போதுமென்று தெரிந்தது. கை மாவை எடுத்துக்கொண்டு தரைக்கு மேலே தயங்கி நிற்பதற்கு ஒரு வினாடி கொடுத்திருந்தேன்; அது நான்கு வினாடியாயிற்று. முதற் சுருள் ஆறு நிமிடம் இருந்தது. ஏழாம் சுருளில் நான்குக்கு இறங்கியது. வேண்டாமென்று விட்ட அந்த இரண்டு நிமிடத்தை வரைந்திருந்தால் 1,440 தாள்கள்.

ஒலியையும் இப்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும். வானொலி கேட்பவர்களுக்கு இதைச் சொல்லாமல் விடக்கூடாது. என் படத்தில் பேச்சு கிடையாது. விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் சந்தில் வைத்துப் பதிந்த ஒலிகளே உள்ளன: தண்ணீர் தெளிக்கும் ஓசை, துடைப்பம், பால்காரருடைய சைக்கிள், தொலைவில் கோயில் மணி. மணி இரண்டு வினாடிக்கு ஒரு முறை ஒலித்தால் இருபத்து நான்கு சித்திரங்களுக்கு ஒரு முறை ஒலிக்கிறது என்று பொருள். அந்தக் கணக்கைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, மணியோசை விழும் சித்திரத்தில் புள்ளி தரையைத் தொடுமாறு வரைய வேண்டும். கோலமாவு விழுவதற்கு ஒலியே இல்லை. அந்த இடங்களை வெறுமையாகவே விட்டுவிட்டேன். நண்பர் ஒருவர் வீணை சேர்க்கச் சொல்கிறார், எனக்குச் சம்மதமில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழித்தது நடுக்கம்தான். ஒளிமேசை என்பது ஒன்றுமில்லை, கண்ணாடிப் பலகைக்கு அடியில் ஒரு விளக்கு. அதன்மேல் முந்தைய சித்திரத்தை வைத்து, அதற்கு மேலே புதுத் தாளைப் பரப்பி வரைகிறோம். எவ்வளவு திறமையாகப் பார்த்து வரைந்தாலும் இரண்டு கோடுகள் மயிரிழையேனும் வேறுபடும். வினாடிக்குப் பன்னிரண்டாக ஓட்டும்போது அந்த வேறுபாடு ஒரு துடிப்பாகத் தெரியும். பலர் இதை விரும்பி ஏற்கிறார்கள். படத்துக்கு உயிர் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் என் படத்தில் நடுங்க வேண்டியது ஒரே ஒரு கை. சோதனைக்காக வரைந்த முதல் ஐந்து வினாடியில் கையும் நடுங்கிற்று, வாசற்படியும் நடுங்கிற்று, எதிர்வீட்டுத் தூணும் நடுங்கிற்று. முதுமை ஒருவருடையதாக இல்லாமல் தெருவுக்கே வந்துவிட்டாற்போல் இருந்தது!

இதற்குக் கண்ட வழி எளியது. கண்டுபிடிக்கத்தான் மூன்று மாதம் ஆயிற்று. கை வரும் காட்சிகளில் மற்ற எல்லாவற்றையும் ஒரே தாளில் ஒரே முறை வரைந்து அசையாமல் நிறுத்திவிடுவது. கையை மட்டும் ஒவ்வொரு சித்திரத்திலும் புதிதாக வரைவது. கோடு தனியே தெருவில் போகும்போது அதற்குச் சாதாரணத் துடிப்பு இருக்கலாம். அது கையை விட்டுப் பிரிந்த மகிழ்ச்சி. நடுக்கத்தையும் மனம்போனபடி வரையக் கூடாது. அம்மாவின் கையைப் படம்பிடித்து ஒவ்வொரு கட்டமாக நிறுத்திப் பார்த்தேன். மடியில் கை ஓய்ந்திருக்கும்போது அதிகம் நடுங்குகிறது. மாவை எடுக்கும்போது குறைகிறது. புள்ளி வைக்கும் அந்தக் கணத்தில் அநேகமாக நின்றுவிடுகிறது. நான் நினைத்திருந்ததற்கு இது நேர்மாறு. நடுங்கும் கையால் கோலம் போடுவதே சிரமமென்று காட்டுவதற்காக எழுதியிருந்த ஆறு சித்திரங்களைக் கதைப்பலகையிலிருந்து அன்றே கழற்றினேன்.

வேறொன்று: காகிதம் வெள்ளை, பென்சில் கருப்பு. கோலமோ நீர் தெளித்த கருந்தரையில் வெண்மாவு. கருப்பில் வரைந்து, கணினியில் நெகட்டிவ்போல் மாற்றிக்கொள்கிறேன். மாற்றியபின் மெல்லிய பென்சிற் கோடு மிகவும் ஒளி பெற்று முரட்டுத்தனமாகத் தெரிந்தது. ஆகவே இப்போது கரித்துண்டால் வரைகிறேன். விரலெல்லாம் கரி.

சுலபமான காட்சியில் தொடங்கிக் கைபழகிய பின் கடினமானதற்குப் போ என்பது இத்தொழிலில் பொதுவாகச் சொல்லும் வழி. நான் அப்படிச் செய்யப் போவதில்லை. கை வரும் காட்சிகள் பதினொன்று. அவற்றைத்தான் முதலில் வரையப் போகிறேன். அம்மாவின் நடுக்கம் சென்ற தை மாதம் இருந்ததுபோல் இப்போது இல்லை. இடக் கைக்கும் வந்துவிட்டது. அவரைப் பார்த்து வரைய வேண்டியவற்றை அவர் வாசலில் உட்கார்ந்து போட்டுக் காட்டக்கூடிய காலத்திலேயே வரைந்துவிட வேண்டும். தெருவும் குளமும் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.

கடைசிக் காட்சி இன்னும் முடிவாகவில்லை. சுவரில் இரண்டு சித்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் கோலம் முடிந்து கை விலகிவிடுகிறது; மற்றொன்றில் கை இன்னும் தரைமேல் இருக்கிறது. நான் முதலாவதற்காக வாதாடினேன். இரண்டையும் பார்த்த அம்மா, கோலம் முடிந்ததும் யாரும் உடனே எழுந்திருக்க மாட்டார்கள், ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள் என்றார். அந்த ஒரு முறைக்கு எத்தனை வினாடி என்று கேட்டேன். நாளைக் காலையில் எண்ணிப் பார் என்றார்.