ஹெபடைடிஸ் சி: மரபணுவைக் காட்டி மருந்தை மறுக்க முடியுமா?

இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும்தான், ஈரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி-க்கு மருந்து என்றிருந்த காலம். அமெரிக்காவில் இந்தச் சிகிச்சையால் குணமான வெள்ளையர்களின் விகிதத்தில் ஏறக்குறைய பாதிதான் கறுப்பினத்தவரிடம் இருந்தது. மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டவர்களிடமும் அதே இடைவெளி.

2009-ல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு காரணத்தைக் கண்டார்கள். 19-வது குரோமோசோமில், ஐஎல்28பி மரபணுவுக்குப் பக்கத்தில் டிஎன்ஏ-வின் ஒரே ஓர் எழுத்து ஆளுக்கு ஆள் மாறுகிறது. தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் அது 'சி'யாக வந்திருந்தால் குணமாகும் வாய்ப்பு சுமார் இரு மடங்கு. கிழக்காசியர்களிடம் இந்த 'சி' மிக அதிகம், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் குறைவு. கறுப்பர், வெள்ளையர் இடைவெளியில் சுமார் பாதிக்கு இதுவே காரணம். மீதிப் பாதி? அதை இந்த மரபணு சொல்லவில்லை. இன்னொன்றும் அந்த ஆய்விலேயே இருக்கிறது: இரண்டு 'சி' உள்ள கறுப்பினத்தவர், ஒரு 'சி'கூட இல்லாத வெள்ளையரைவிட நன்றாகவே குணமானார்கள். தோலைப் பார்த்துப் பலனைக் கணித்தவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

2013 இறுதியில் சோஃபோஸ்புவிர் மாத்திரை வந்தது. இது வைரஸையே நேராகத் தாக்குகிறது. துணை மருந்தோடு கொடுத்தால் 95 சதவீதத்துக்கு மேல் குணம். மரபணு வேறுபாடு ஏறக்குறைய பொருட்டே இல்லை. தடை அப்போது விலையில் வந்து நின்றது. 12 வார சோஃபோஸ்புவிருக்கு மட்டும் 84,000 டாலர்! ஏழைகளுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட், ஈரல் நன்றாகக் கெட்ட பிறகே மருந்து என்று பல மாநிலங்களில் நிபந்தனை போட்டது. 2016-ல் வாஷிங்டன் மாநிலத்தில் நோயாளிகள் வழக்குத் தொடுத்தார்கள். நிபந்தனையை நிறுத்தச் சொல்லி கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்தியாவில் 2018 முதல் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அரசு மருத்துவமனையில் கேட்டுப் பெறலாம். டயாலிசிஸ் செய்பவர்கள், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள், ஊசியைப் பகிர்ந்தவர்கள், சுத்தமில்லாத ஊசியால் பச்சை குத்திக்கொண்டவர்கள் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் உடம்பில் இப்போது வைரஸ் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதை ஆர்என்ஏ பரிசோதனைதான் சொல்லும். மாத்திரை தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி-க்கும் பார்க்கச் சொல்லுங்கள், அடங்கியிருக்கும் பி வைரஸ் இந்தச் சிகிச்சையில் மறுபடி கிளம்பக்கூடும்.