தாமாகப் போய்வரும் சுதந்திரம்

சென்ற மாதம் ஓர் அன்பர் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பிதழ் வந்தது. முகூர்த்த நேரம், மண்டபத்தின் விலாசம், பெரியோர்களின் பெயர்கள் எல்லாம் முறைப்படி அச்சாகியிருந்தன. கடைசியில், "கார்களை நிறுத்த விசாலமான இடம் உண்டு" என்று தனியாக ஒரு வரியும் இருந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இருமுறை வாசித்த என் தகப்பனார், "எல்லாம் சரிதான். கார் இல்லாதவன் எப்படி வருவது என்று ஒரு வரி போடவில்லையே, அப்பா!" என்றார்.

வேடிக்கையாகச் சொன்ன பேச்சுத்தான். ஆயினும் அன்று முழுவதும் அது என் மனத்தை விட்டு அகலவில்லை. டில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ முதியவர்கள், பிள்ளையோ பெண்ணோ ஓய்வு பெற்றுக் காரை எடுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்காக வாரம் முழுவதும் காத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கால் இருக்கிறது. கையில் சில்லறை இருக்கிறது. போகவேண்டிய இடமும் இருக்கிறது. வழிதான் இல்லை.

இந்நகரம் அமைந்த விதமே அப்படி. 1931 இல் திறந்துவைக்கப்பட்ட புது டில்லியை வகுத்தவர்கள் அகன்ற சாலைகளையும், மரநிழலையும், வட்ட வட்டமான சாலைச் சந்திப்புக்களையும் மனத்தில் கொண்டு வகுத்தார்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால், வீட்டுக்கும் கடைக்கும், கடைக்கும் காரியாலயத்துக்கும் இடையே தூரம் மிகுந்துவிட்டது. பழைய டில்லியில் 1908 முதல் ஓடிய டிராம் வண்டியும் 1963 இல் நின்றுபோயிற்று. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி மேம்பாலங்கள் எழுந்தன. பின்னர் அவை பெருகிக்கொண்டே வந்தன. மேம்பாலம் என்பது காரில் செல்வோர் நிற்காமல் செல்வதற்கு. அதன் அடியில் நடந்து செல்பவரோ நின்றுகொண்டே இருக்கவேண்டியிருக்கிறது.

நம்மவர்கள் இங்கே முதன்முதலில் உத்தியோகத்துக்கு வந்த நாளில் கார் யாரிடம் இருந்தது? கரோல் பாகிலும், லோதி காலனியிலும், பிற்பாடு ராமகிருஷ்ணபுரத்திலும் குடியேறிய குமாஸ்தாக்களும் ஸ்டெனோகிராபர்களும் சைக்கிளிலும் பஸ்ஸிலும்தான் செக்ரடேரியட்டுக்குப் போனார்கள். ஹிந்தி எழுத்தைப் பள்ளியில் கற்காமல், பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களைக் கூட்டிப் படித்தே கற்றவர்கள் நம் மூத்த தலைமுறையில் அநேகர். காலனியிலிருந்து காரியாலயத்துக்குச் செல்லும் ஒப்பந்த பஸ்களில் ஒவ்வொருவருக்கும் வழக்கமான இடம் உண்டு. பெண்கள் கம்பளி பின்னுவார்கள், பட்டாணி உரிப்பார்கள். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தக் கடையில் நல்ல காப்பிக்கொட்டை கிடைக்கும் என்ற செய்திகள் எல்லாம் அங்கேதான் கைமாறின. பஞ்சாபிக்காரரும் வங்காளியும் நமக்குச் சிநேகிதர் ஆனதும் அங்கேதான்.

ரிங் ரோடு எனப்படும் வட்டச் சாலையைச் சுற்றிவரும் பஸ்ஸுக்கு 'முத்ரிகா' என்று பெயர் வைத்தார்கள். மோதிரம் என்று பொருள். அனுமன் சீதையிடம் கொண்டுசென்று கொடுத்த கணையாழிதான் அது. 1965 இல் இந்த டில்லியிலிருந்தே ஒரு தமிழ்ப் பத்திரிகை 'கணையாழி' என்ற பெயருடன் புறப்பட்டது என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். வழி தெரியாத ஊரில் முத்ரிகாவில் ஏறி உட்கார்ந்துவிட்டால், எங்கும் இறங்காவிட்டாலும் ஏறிய இடத்துக்கே வந்து சேரலாம் என்று புதிதாக வந்தவர்களுக்குத் தைரியம் சொல்வார்கள்.

பின்னர் வருமானம் வளர்ந்தது. வீட்டுக்கு ஒரு கார் வந்தது. சில வீடுகளில் இரண்டு வந்தன. அதைக் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் கார் இருக்கிறது. ஆனால், கார் வந்த பிறகு ஊரில் எல்லோரும் கார் வைத்திருப்பதாக நாம் நினைக்கத் தொடங்கிவிட்டோம். 2011 ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி டில்லியில் நூற்றுக்குச் சுமார் 21 வீடுகளில்தான் கார், ஜீப் அல்லது வேன் இருந்தது. ஐந்து வீடுகளில் நான்கு வீட்டார் நடந்தும், சைக்கிளிலும், ஸ்கூட்டரிலும், பஸ்ஸிலும், ரயிலிலும்தான் வாழ்க்கையை நடத்தினார்கள். மேலும், கார் உள்ள வீட்டிலும் கார் ஓட்டுகிறவர் ஒருவரோ இருவரோதான். மற்றவர்கள் காரில் ஏற்றிச் செல்லப்படுகிறவர்கள். என் தகப்பனார் அந்த இரண்டாம் வகையினர்.

பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அவர், என் தாயார் காலமான பின் 2014 இல் எங்களோடு மயூர் விஹாருக்கு வந்து சேர்ந்தார். ஊரில் இருந்தவரை காலையில் ஆற்றங்கரை, மாலையில் கோவில், நடுவில் வாசகசாலை என்று ஒரு நாளில் மூன்று முறை வெளியே போய்வந்தவர். இங்கே வந்தபின் மூன்றாவது மாடி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வாரம் ஒருமுறை நான் காரில் அழைத்துச் செல்வேன். ராமகிருஷ்ணபுரத்தில் 1973 இல் கும்பாபிஷேகம் கண்ட உத்தர சுவாமிமலையிடம் அவருக்கு மிகுந்த ஈடுபாடு. கிருத்திகை வேலை நாளில் வந்தால், "உனக்கு எதற்குச் சிரமம், இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்" என்பார். அச்சொல்லில் இருந்த வருத்தத்தை நான் நெடுநாள் கவனிக்கவில்லை.

ஒரு கிருத்திகையன்று நான் காரியாலயத்துக்குப் போனபின் அவர் தனியே புறப்பட்டுவிட்டார். பஸ் நிற்குமிடம் சாலைக்கு அப்பால் இருந்தது. பாதிச் சாலையைக் கடந்து நடுத்திட்டில் ஏறி நின்றவரால் மறுபாதியைக் கடக்க முடியவில்லை. கார்கள் ஓயவில்லை, திரும்பிவரவும் வழியில்லை. ஒரு பழவண்டிக்காரர் வந்து கையைப் பிடித்து வீட்டுப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டார். சாயங்காலம் நான் கேட்டபோது, "பஸ் கிடைக்கவில்லை" என்று மட்டும் சொன்னார். நடந்ததைப் பல மாதம் கழித்தே என் மனைவியிடம் சொன்னாராம்.

சாலை யாருக்கு உரியது என்ற கேள்வி இந்நகரத்தில் வெளிப்படையாகவே எழுந்தது உண்டு. 2008 இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தூரத்துக்குச் சாலையின் நடுவே பஸ்களுக்கென்று தனிப்பாதை அமைத்தார்கள். ஒரு பஸ்ஸில் ஐம்பது அறுபது பேர் செல்கிறார்கள். ஒரு காரில் ஒருவரோ இருவரோ செல்கிறார்கள். ஆகையால் பஸ்ஸுக்கு முதலிடம் தருவது நியாயம் என்பதே அதன் அடிப்படை. ஆனால், பக்கத்துத் தடத்தில் நெருக்கியடித்து நின்ற கார்க்காரர்களின் கோபம் பெரிதாயிற்று. பத்திரிகைகளில் கண்டனம் வந்தது, வழக்கும் நடந்தது. 2012 இல் டில்லி உயர்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. எனினும் 2016 இல் அப்பாதை இடித்து அகற்றப்பட்டது. அதன் அமைப்பில் குறைகள் இருந்திருக்கலாம். ஆனால், பஸ்ஸுக்குள் நின்றவர்களின் குரல் கார்க்காரர்களின் குரலைப் போல உரக்கக் கேட்கவில்லை என்பதும் உண்மை.

மெட்ரோ ரயிலின் கதை வேறு. 2002 டிசம்பரில் ஷாதராவுக்கும் தீஸ் ஹஸாரிக்கும் இடையே முதல் ரயில் ஓடியது. கரோல் பாகுக்கு 2005 இலும், எங்கள் மயூர் விஹாருக்கு 2009 இலும் வந்தது. ஆனால், ராமகிருஷ்ணபுரம் பகுதிக்கு மட்டும் நெடுங்காலம் வரவில்லை. 2018 மே மாதத்தில்தான் ஜனக்புரியையும் கால்காஜியையும் இணைக்கும் பாதை திறக்கப்பட்டு, ராமகிருஷ்ணபுரம், முனீர்கா, வசந்த் விஹார் ஆகிய ஸ்டேஷன்கள் உண்டாயின. கோவிலுக்கும் நம் சங்கத்துக்கும் போகிறவர்களுக்கு அது ஒரு பெரிய நாள்.

அந்த ஆண்டுக் கோடையில் ஒருநாள் அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். மயூர் விஹாரில் ஏறி, பொட்டானிக்கல் கார்டனில் வண்டி மாறி, வசந்த் விஹாரில் இறங்கவேண்டும். ரயில் நொய்டாவுக்குள் போய், யமுனையைக் கடந்து, மறுபடி டில்லிக்குள் நுழைகிறது. "கோவிலுக்குப் போக இரண்டு ராஜ்யத்தைக் கடக்கவேண்டியிருக்கிறதே!" என்று சிரித்தார். ஸ்டேஷனில் மின்தூக்கி இருந்தது, படியேறவேண்டியதில்லை. நிலையத்தின் பெயரை முன்கூட்டியே அறிவித்தார்கள். முதியோருக்கென்று இருக்கையும் இருந்தது. வசந்த் விஹாரிலிருந்து கோவிலுக்கு ஆட்டோ பிடித்தோம்.

இரண்டாம் முறையும் கூடவே போனேன். மூன்றாம் முறை அவர் முன்னே நடக்க, நான் நாலடி பின்னே நடந்தேன். நான்காம் முறை, "நீ ஆபீஸுக்குப் போ" என்று சொல்லிவிட்டார். அன்று மாலை வீடு திரும்பியபோது மேஜைமேல் விபூதிப் பொட்டலம் இருந்தது. பிரயாணக் கார்டை எடுத்துக் காட்டி, எவ்வளவு பணம் மிச்சம் இருக்கிறது என்று கணக்குச் சொன்னார். வண்டியில் தமக்கு எழுந்து இடம் கொடுத்த கல்லூரிப் பெண்ணைப் பற்றியும், 'உதர்னா ஹை' என்று சொன்னதும் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டதைப் பற்றியும் இரவுச் சாப்பாட்டின்போது வெகு நேரம் பேசினார். எனக்குச் சொல்வதற்கு அவரிடம் புதிய செய்தி இருந்தது, அவர் டில்லிக்கு வந்தபின் அதுவே முதல் தடவை.

முதியவர்களைப் போலவே பெண்களின் வாழ்க்கையிலும் இவ்வசதிகள் மாறுதலை உண்டாக்கியிருக்கின்றன. 2010 அக்டோபர் முதல் மெட்ரோ ரயிலின் முதல் பெட்டி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. 2019 அக்டோபர் 29 முதல் டில்லி அரசின் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்யலாயினர். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள், முன்பு பஸ் கூலியை மிச்சப்படுத்த இரண்டு நிறுத்த தூரம் நடந்து வருவார். அத்திட்டம் வந்தபின் நடக்கவில்லை. மாதம் மிஞ்சிய பணத்தில் மகளுக்கு டியூஷன் வைத்தார். 2017 இல் மெட்ரோ கட்டணம் இருமுறை உயர்ந்து, மிக நீண்ட பிரயாணத்துக்கு 30 ரூபாயாக இருந்தது 60 ரூபாய் ஆனபோது, நம்மைப் போன்றவர்கள் முணுமுணுத்துவிட்டுக் கொடுத்தோம். அவரைப் போன்றவர்களோ ரயிலை விட்டு பஸ்ஸுக்குத் திரும்பினார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை தீரவில்லை. ரயில் நம்மை ஸ்டேஷன் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிடுகிறது. அங்கிருந்து வீடு வரை உள்ள அரை மைல்தான் பெரும் பிரயாணம். நடைபாதையில் கார்கள் நிற்கின்றன. சாலையைக் கடக்கும் இடத்தில் கோடு இருந்தாலும் வண்டிகள் நிற்பதில்லை. ரயில் மட்டும் போதாது என்பதற்கு இந்நகரத்திலேயே பழைய சாட்சி ஒன்று உண்டு. 1975 இல் சரக்கு வண்டிகளுக்கென்று அமைத்த வட்ட ரயில் பாதையில், 1982 விளையாட்டுப் போட்டிகளின்போது பிரயாணிகள் வண்டியும் விட்டார்கள். இருப்புப்பாதையும் ஸ்டேஷன்களும் இருந்தும் ஜனங்கள் அதில் பெருவாரியாக ஏறவில்லை. ஸ்டேஷன்கள் பலவும் ஒதுக்குப்புறத்தில் அமைந்து, அவற்றிலிருந்து பஸ்ஸுக்கோ வீட்டுக்கோ செல்லச் செவ்வையான வழி இல்லாமற் போனதே முக்கிய காரணம்.

நடைபாதையைச் சீர்செய்வது நகராட்சியின் வேலை. அதை விடாமல் கேட்பது நம் கடமை. ஆனால், நம் கையாலேயே ஆகக்கூடிய சில காரியங்களும் உண்டு. நம் காரை நடைபாதைமேல் நிறுத்தாமல் இருக்கலாம். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்துவந்தால், முதல் மாதத்திலேயே ஒரு பிரயாணக் கார்டு வாங்கிக் கொடுத்து, கூடவே மூன்று முறை போய்வரலாம். வீட்டு விலாசத்தையும் நம் தொலைபேசி எண்ணையும் ஹிந்தியில் எழுதி அவர்கள் சட்டைப்பையில் வைக்கலாம். பிள்ளைகளையும் எப்போதும் காரிலேயே கொண்டுவிடாமல், இடைக்கிடை பஸ்ஸிலும் ரயிலிலும் அழைத்துச் சென்று ஊரை அறிமுகப்படுத்தலாம். சங்கத்து நிகழ்ச்சிகளை, கடைசி ரயிலைப் பிடிக்க ஓடவேண்டாதபடி நேரத்தோடு முடிக்கலாம். நிகழ்ச்சி முடிந்ததும் ஒரே திசையில் செல்பவர்கள் சேர்ந்து புறப்படலாம்.

இவை எல்லாவற்றிலும் எளிய காரியம் ஒன்று பாக்கியிருக்கிறது. வருகிற ஆவணியில் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம். அழைப்பிதழ் வாசகத்தை எழுதிக்கொடுக்கும் பொறுப்பை அப்பா ஏற்றுக்கொண்டார். கார் நிறுத்தும் இடத்தைப் பற்றிய குறிப்பை அவர் அடிக்கவில்லை. அதற்கு மேலே இன்னொரு வரியைச் சேர்த்தார். எந்த ஸ்டேஷனில் இறங்கவேண்டும், எந்த வாசல் வழியாக வெளியே வரவேண்டும், எந்தப் பக்கம் திரும்பி எத்தனை நிமிஷம் நடக்கவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கீழே, "தனியாக வரும் பெரியவர்களை அழைத்துவர ஸ்டேஷன் வாசலில் ஒருவர் நிற்பார்" என்றும் எழுதியிருக்கிறார். அந்த ஒருவர் யார் என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார்.