42 மீட்டர் கொசுறு

மாரத்தான் ஓடி முடித்த கையோடு பலரும் செய்கிற காரியம், கைக்கடிகாரத்தைப் பார்த்து முகம் சுளிப்பது. மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். கடிகாரமோ 42.6 என்கிறது. பக்கத்தில் ஓடியவருடையது 42.8 காட்டுகிறது. பாதையைத் தப்பாக அளந்துவிட்டார்கள் என்று கோபம் வருகிறது. ஆனால் முறையாகச் சான்று பெற்ற பந்தயம் என்றால், பிழை பெரும்பாலும் கடிகாரத்தின் பக்கம்தான். செயற்கைக்கோளை நம்பும் அந்தக் கடிகாரத்தைத் தோற்கடிப்பது ஒரு சைக்கிள்.

சாலையில் ஓட்டப்பந்தயம் நடத்த அனுமதிகள் பல வேண்டும். போக்குவரத்தை நிறுத்தக் காவல்துறை, சாலைக்கு உள்ளாட்சி, பிறகு மருத்துவ ஏற்பாடு, காப்பீடு. இந்தக் காகிதக் கட்டில் என்னைக் கவர்ந்தது பாதை நீளச் சான்றிதழ். அது இல்லாத மாரத்தானில் எவ்வளவு வேகமாக ஓடினாலும், பாஸ்டன் மாரத்தானுக்குத் தகுதி நேரமாக ஏற்கமாட்டார்கள்.

அந்தச் சான்றிதழுக்காகப் பாதையைச் சைக்கிளால் அளக்கும் முறையைப் பற்றி 1961-இல் பிரிட்டனின் ஜான் ஜூவெல் எழுதினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடிய டெட் கார்பிட், 1964-இல் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். பிறகு ஆலன் ஜோன்ஸும் அவர் மகன் கிளெய்னும் சைக்கிளின் முன்சக்கரத்தில் பொருத்தும் ஒரு சிறு எண்ணியைச் செய்தார்கள். ஜோன்ஸ் கவுண்டர் என்று பெயர். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் அதில் இருபதுக்கு மேல் எண்கள் ஓடும். ஓர் எண்ணுக்குச் சுமார் 9 சென்டிமீட்டர்.

ஆனால் டயர் நிலையான பொருள் அல்ல. வெயில் ஏறினால் உள்ளே காற்று விரிகிறது, சக்கரம் மயிரிழை பெரிதாகிறது, கிலோமீட்டருக்கு விழும் எண்கள் குறைகின்றன. குளிர்ந்தால் நேர்மாறு. ஓட்டுபவரின் எடைகூடக் கணக்கில் வரும். ஆகவே அளப்பவர் முதலில் 300 மீட்டருக்குக் குறையாத நேர்சாலை ஒன்றை எஃகு டேப்பால் அளந்துகொள்கிறார். அதன்மேல் நான்கு முறை ஓட்டி, கிலோமீட்டருக்கு எத்தனை எண் என்று கணக்கிடுகிறார். பந்தயப் பாதையை அளந்து முடித்ததும் திரும்பி வந்து மறுபடி நான்கு முறை. இடையில் டயர் எவ்வளவு மாறியது என்பது அப்போது தெரிந்துவிடும். எஃகு டேப்பையும் அப்படியே நம்புவதில்லை. 20 டிகிரிக்கென்று செய்யப்பட்ட டேப் 35 டிகிரி வெயிலில் நீள்கிறது. அந்த நீட்சியை விட்டுவிட்டால் மாரத்தான் தூரத்தில் 7 மீட்டர் பிசகிவிடும்.

இனி, எந்தக் கோட்டில் ஓட்டுவது? ஓட்டக்காரர் சட்டப்படி ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில். வளைவுகளில் நடைபாதை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி. ஒரு வளைவு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை சாலையைக் குறுக்கே வெட்டி நேர்கோட்டில். எதிரே வண்டி வரும் திசையிலும் போகவேண்டியிருக்கும் என்பதால் பெருநகரங்களில் இந்த வேலை விடியுமுன், காவல் வண்டியின் துணையோடு நடக்கும். கூட்டத்தில் ஒதுங்கியும் தண்ணீருக்கு விலகியும் ஓடுகிற நாம் அந்தக் கோட்டில் ஓடுவதில்லை. ஜிபிஎஸ் வேறு ஒவ்வொரு புள்ளியையும் சற்றே இடவலம் தள்ளிக் குறிக்கிறது. அந்தப் புள்ளிகளை இணைத்தால் கோணல்மாணலாக ஒரு கோடு. கோணல் கோடு நேர்கோட்டைவிட நீளம்தானே.

இத்தனைக்கும் பிறகு ஒரு கொசுறு உண்டு. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு மீட்டரை வேண்டுமென்றே கூட்டுகிறார்கள். மாரத்தானுக்கு 42 மீட்டர். அளவில் எங்காவது சிறு பிழை நுழைந்தாலும் பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக.

குறைந்தால் என்ன ஆகும்? 1981-இல் நியூயார்க்கில் ஆல்பெர்டோ சலஸார் 2 மணி 8 நிமிடம் 13 நொடியில் ஓடி உலகச் சாதனை என்று கொண்டாடப்பட்டார். பின்னர் அளந்தபோது பாதை ஏறக்குறைய 150 மீட்டர் குறைவு. அவர் வேகத்துக்கு அது சுமார் 27 நொடி, சாதனை போயிற்று. மான்செஸ்டர் மாரத்தானில் 2013 முதல் 2015 வரை மூன்று ஆண்டும் பாதை 380 மீட்டர் குறைவாக இருந்தது 2016-இல் தெரியவந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 24,000 பேர். எனக்கு சலஸாரைவிட இவர்களை நினைத்துத்தான் மனம் கனக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே விடிகாலையில் பயிற்சி செய்து, நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டேன் என்று வீட்டில் பதக்கத்தை மாட்டியவருக்கு 380 மீட்டர் என்பது இரண்டு நிமிடத்துக்கும் மேல். அந்த நாளை அவருக்கு யார் திருப்பித் தருவது?

அடுத்த பந்தயத்துக்குப் பணம் கட்டுமுன் பனியன் என்ன நிறம், பதக்கம் எவ்வளவு பெரிது என்று பார்ப்பதோடு, பாதையை யார் அளந்தது, சான்றிதழ் இருக்கிறதா என்று அமைப்பாளரிடம் கேளுங்கள்.