புதுச் செயினும் தேய்ந்த பற்களும்

புதிதாகச் செயின் மாட்டிய சைக்கிள் சமதரையில் சாதுவாக ஓடிவிட்டு, மேட்டில் ஏறும்போதோ, பின்னால் ஒருவரை உட்காரவைத்து எழுந்து நின்று மிதிக்கும்போதோ, 'கடக்'கென்ற சப்தத்துடன் செயின் துள்ளிப் பெடல் வெறுமையாக இறங்குமானால், செயின் மட்டமானதென்றோ, மாட்டியவருக்குத் தொழில் போதாதென்றோ முடிவு கட்டுவது உலக வழக்கம். பெரும்பாலான சமயங்களில் குற்றம் அந்த இரண்டிலும் இல்லை. மாற்றாமல் விட்ட பின்சக்கரத்து ஃப்ரீவீலில் இருக்கிறது.

செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர், தூரம் இருக்க வேண்டுமென்பது நியதி. புழுதியும் மழைத் தண்ணீரும் எண்ணெயோடு கலந்து சாணைக்கல்போல் அராவுவதால், பின்னும் அதைச் சுற்றிய புஷ்ஷும் நாளடைவில் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் இடைவெளி சிறுகச் சிறுகக் கூடி, செயின் முழுவதும் நீண்டுபோகிறது. அப்படி நீண்ட செயின் பற்களின்மீது சற்று மேலேறி உட்கார்ந்து, அவற்றையும் தன் அளவுக்கே தேய்த்துக்கொள்கிறது. தேய்ந்த செயினும் தேய்ந்த பல்லும் இவ்வாறு ஒன்றுக்கொன்று இசைந்துபோவதால்தான் பழைய செயின் கழற்றும் நாள்வரையில் துள்ளாமல் ஓடுகிறது; அளவு பிசகாத புதுச் செயின் வந்ததும் அந்த இசைவு கெட்டு, உருளைகள் பள்ளத்தில் முழுவதும் இறங்க இடமில்லாமல், பாரம் கூடிய க்ஷணத்தில் பல்லின்மேல் ஏறித் தாண்டிவிடுகின்றன.

முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் கொண்ட சைக்கிளில், முன்பல் ஒரு முறை செயினைப் பற்றுவதற்குள் பின்பல் ஏறக்குறைய இரண்டரை முறை பற்ற நேர்வதால், முதலில் தேய்வது ஃப்ரீவீலே. புதுப் பல்லுக்கு இரு பக்கமும் ஒரேமாதிரிச் சரிவு இருக்கும். தேய்ந்த பல்லோ ஒரு பக்கம் குடையப்பட்டு, நுனி கூர்ந்து சாய்ந்திருக்கும்.

வேறு காரணங்களும் இல்லாமல் இல்லை. ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலை மெதுவாகப் பின்புறம் சுற்றும்போது ஒரே ஒரு கண்ணி மட்டும் மடங்காமல் தூக்கிக்கொண்டு போனால், இணைத்த இடத்தில் பின் இறுகியிருக்கிறதென்று அர்த்தம். அந்த இடத்தை இரு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் சற்று அசைத்துக் கொடுத்தால் இளகிவிடும். செயினின் நடுப்பகுதி அரை அங்குலத்துக்கு மிக அதிகமாக மேலும் கீழும் ஆடினால், பின்சக்கர நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை நேராகப் பின்னுக்கு இழுத்து முடுக்க வேண்டும். செயின் பல்லைத் தாண்டாமலே பெடல் மட்டும் நழுவினால், ஃப்ரீவீலுக்குள் பற்றிப்பிடிக்கும் சிறு தாழ்கள் பழுதாகியிருக்கின்றன.

தேய்வினால் செயின் துள்ளும் சிரமம் வராமல் தடுக்க ஓர் அடிக்கோல் போதும். கோலின் தொடக்கத்தை ஒரு பின்னின் மத்தியில் வைத்தால், அதிலிருந்து 24-ஆவது பின்னின் மத்தி சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும். எட்டில் ஒரு பங்கு தள்ளிவிட்டால் ஃப்ரீவீலையும் சேர்த்தே மாற்றுவது உத்தமம்.

ஓட்ட ஓட்டப் பழகிவிடும் என்று சொல்வாருண்டு. அதை நம்பி, துள்ளுகிற செயினோடு குழந்தையைப் பின்னால் வைத்து மிதிக்காதீர்கள். எழுந்து மிதிக்கையில் ஒரு பல் தாண்டினாலும் ஓட்டுகிறவர் நிலைகுலைந்து விழ அதுவே போதும்.